பகாவ் பக்கம் மருத்துவச்சியை எப்படித் தேடுவது? மூன்று மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

புது மருமகள்:

வணக்கம் அக்காமார்களே. நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி எட்டு மாதம். இப்போது நெகிரி செம்பிலானில், பகாவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில், மாமியார் வீட்டில் இருக்கிறேன். கணவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. போன வாரம் மருந்துக்கடையில் வாங்கிய குச்சியில் இரண்டு கோடு வந்தது. கணக்குப் பார்த்தால் ஏழாவது வாரம்.

கிள்ளானில் இருந்திருந்தால் அம்மாவே கூட்டிக்கொண்டு போயிருப்பார். இங்கே எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மருத்துவச்சியை நாமே தேடிப் பிடிக்க வேண்டுமா, கிளினிக்கில் அவர்களே ஒருவரைக் காட்டுவார்களா? நாள் எடுத்துவிட்டுப் போக வேண்டுமா, நேரே போய் உட்கார்ந்தால் போதுமா?

இன்னொன்று. "மூணு மாசம் முடியட்டும்மா, அப்புறம் கிளினிக்கில புக்கு திறக்கலாம்" என்கிறார் மாமியார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது என்று கணவர் சொன்னார். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு அப்படி நடந்ததால் அவர் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டிலேயே பேசிக்கொள்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனாலும் காத்திருப்பது சரியா என்று மனசு கேட்கிறது.

சிரம்பான் அக்கா:

வாழ்த்துகள் தங்கச்சி! காத்திருக்க வேண்டாம். முதலில் தனியார் கிளினிக்கில் ஒரு ஸ்கேன் பாரு. குழந்தை கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா, துடிப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அங்கே தோட்டத்து ஆள் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற தாதி:

மகளே, வாழ்த்துகள். நான் நெகிரி செம்பிலானில் பல வருடம் கிளினிக் டேசாவில், அதாவது கிராமக் கிளினிக்கில், வேலை பார்த்தவள். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நம் நாட்டில் அரசாங்க வழியில் போனால் மருத்துவச்சியை நீ தேர்ந்தெடுப்பதில்லை. உன் வீட்டு முகவரி எந்தக் கிளினிக் டேசாவின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கே இருக்கும் ஜுருராவாட் மஸ்யாராகாட், அதாவது சமூகத் தாதிதான் உனக்கு மருத்துவச்சி. பார்ப்பதற்குச் சாதாரண மிஸி (தாதி) மாதிரி இருப்பார். ஆனால் பிள்ளைப்பேறு பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவர். அவருக்கு மேலே கிளினிக் கெசிஹாத்தான், அதாவது சுகாதாரக் கிளினிக். அங்கே டாக்டரும் ஸ்கேனும் உண்டு. பகாவ் டவுனிலேயே ஒன்று இருக்கிறது. உங்கள் தோட்டம் எந்த எல்லையில் வருகிறது என்று அங்கே போன் செய்து கேட்டால் சொல்லிவிடுவார்கள். கர்ப்பிணிகளைப் பதிவதற்கென்று சில கிளினிக்குகள் தனிக் கிழமை வைத்திருக்கும், அதையும் அப்படியே கேட்டுக்கொள். மைசெஜாத்ரா செயலியில் நாள் எடுக்கும் வசதி சில இடங்களில் இருக்கிறது என்றாலும், முதல் தடவை போனில் பேசிவிட்டுப் போவது நல்லது.

கொண்டு போக வேண்டியது: உன் ஐசி (அடையாள அட்டை), கணவர் ஐசி, கல்யாணப் பதிவுச் சான்றிதழின் நகல். தனியாரில் ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தத் தாள். எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதி. "தாரிக் ஆகிர் ஹாய்ட்" என்று கேட்பார்கள். பாதிப் பெண்கள் அங்கேதான் முழிப்பார்கள். தைப்பூசத்துக்கு மறுநாள், தீபாவளிக்கு முந்தின வாரம் என்று திருவிழாவை வைத்துச் சொல்வார்கள். அதுவும் போதும், நாங்கள் காலண்டரைப் புரட்டிக் கண்டுபிடித்துவிடுவோம். அந்தத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவ நாள். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு இந்தக் கணக்கு உதைக்கும். அவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் சரியான தேதியைச் சொல்லும். தள்ளிப் போகப் போக ஸ்கேன் சொல்லும் தேதியிலும் பிசகு கூடும்.

அப்புறம் இளஞ்சிவப்பு அட்டைப் புத்தகம் தருவார்கள். "புக்கு திறப்பது" என்று உன் மாமியார் சொல்வது இதைத்தான். எடை, உயரம், இரத்த அழுத்தம், சிறுநீர் பார்ப்பார்கள். இரத்தம் எடுத்து ஹீமோகுளோபின், இரத்த வகை, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெப்படைட்டிஸ் பி எல்லாம் சோதிப்பார்கள். எச்.ஐ.வி. என்றதும் பயந்துவிடாதே, உன்னைச் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இதைச் செய்துவந்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது. அந்த நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதலில் அதைப் பெற்றது நம் நாடுதான். எனக்கு அதில் பெருமை உண்டு.

இப்போது மூன்று மாத விஷயம். பதிவு 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்பதுதான் சுகாதார அமைச்சின் முறை. காரணம் சொல்கிறேன். இரத்த அழுத்தம் நடுக் கர்ப்பத்தில் தானாகவே கொஞ்சம் இறங்கும். ஆரம்ப அளவு தெரியாமல் ஐந்தாம் மாதத்தில் முதல் தடவை வந்தால், ஏற்கனவே அழுத்தம் இருந்த பெண்ணும் சரியாக இருப்பது போலத் தெரியும். கர்ப்பகால இரத்த அழுத்தம் வரும் அபாயம் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். அதை 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் பலன். ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பத்துக்கு முன்பே எடுக்க வேண்டும். பிள்ளையின் தண்டுவடம் மூடிக்கொள்வது உனக்கு நாள் தள்ளிப் போன கையோடு நடந்துவிடும். இதுவரை எடுக்கவில்லை என்றால் இன்றைக்கே தொடங்கு, 12 வாரம்வரை விடாதே. இரத்த வகை நெகட்டிவ் என்பது மலாய்க்காரர், சீனர்களைவிட நம் இந்தியர்களிடம் அதிகம். அதையும் முன்னாலேயே தெரிந்துகொண்டால் ஊசி போட்டு அடுத்த பிள்ளைக்கு வரும் ஆபத்தைத் தடுக்கலாம்.

மிஸியிடம் சொல்வது ஊருக்குச் சொல்வது ஆகாது மகளே. புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொள். முகநூலில் போடுவதற்குத்தான் மூன்று மாதம் காத்திருக்கலாம்.

பால்மரத்துப் பேத்தி:

தாதியம்மா சொன்னதைப் படித்ததும் எங்கள் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. பால்மரம் வெட்டிக்கொண்டே பத்துப் பிள்ளை பெற்றவர். தங்கியது ஏழு. ஒவ்வொன்றும் லயத்து வீட்டில், விளக்கெண்ணெயும் வெந்நீரும் வைத்துக்கொண்டு ஒரு மருத்துவச்சிக் கிழவி பார்த்த பிரசவம். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர், அதாவது மருத்துவ உதவியாளர் இருந்தார். ஆனால் ஆம்பளை என்பதால் பாட்டி கிட்டே போகவே இல்லை. அந்தக் கிழவி கைராசிக்காரி என்று பாட்டி கடைசிவரை சொல்வார். போன மூன்றைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

இப்போது வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்கிறேன் என்று யாராவது இணையத்தில் சொன்னால் நம்பலாமா தாதியம்மா? என் தோழி ஒருத்தி டூலா, டூலா என்கிறாள்.

ஓய்வு பெற்ற தாதி:

டூலா என்பவர் பக்கத்தில் இருந்து இடுப்பைப் பிடித்துவிடுவார், தைரியம் சொல்வார். அது நல்லதுதான். ஆனால் அவர் மருத்துவச்சி இல்லை. 1966-ஆம் ஆண்டிலேயே மருத்துவச்சிகளுக்கென்று சட்டம் வந்துவிட்டது. பதிவு இல்லாதவர் மருத்துவச்சி என்று சொல்லிக்கொண்டு பிரசவம் பார்ப்பது குற்றம். அந்த நாளில் கம்போங் பீடான் என்ற பழைய கிராம மருத்துவச்சிகளும் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. யாரிடம் போனாலும் "பதிவு இருக்கிறதா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உண்மையான மருத்துவச்சி கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்று பிள்ளைத் தாய்:

நான் காத்திருந்தவள். அதனால் சொல்கிறேன்.

இரண்டாவது பிள்ளைக்கு 19-ஆவது வாரத்தில்தான் புக்கு திறந்தேன். மூத்தவளைச் சுகமாகப் பெற்றேனே, இப்போது என்ன அவசரம் என்று நினைப்பு. எங்கள் அம்மாவுக்கும் மாமாவுக்கும் கென்சிங் மானிஸ், அதாவது சர்க்கரை. எனக்கும் இருக்கும் என்று தோன்றவே இல்லை. இனிப்புத் தண்ணீர் குடிக்க வைத்துச் சோதித்தார்கள். சாப்பிடாமல் எடுத்தது 6.3 (mmol/L கணக்கில்), இரண்டு மணி நேரம் கழித்து 11-க்கு மேல். சாப்பிடாமல் 5.1, குடித்து இரண்டு மணி நேரத்தில் 7.8, இந்த அளவைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கே என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பையன் 4 கிலோவுக்கு மேல். தோள் மாட்டிக்கொண்டது. இன்றைக்கு நன்றாக ஓடி ஆடுகிறான், ஆனால் அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கவில்லை.

எப்போதிலிருந்து சர்க்கரை இருந்தது என்று டாக்டர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆரம்பத்தில் இரத்தம் எடுத்திருந்தால் பதில் இருந்திருக்கும்.

இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. நான் போன ஓர் இடத்தில் கவுண்டரில் இருந்தவர், "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. அவமானத்தில் அடுத்த தடவை போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உள்ளே இருந்த மலாய் மிஸிதான் கையைப் பிடித்து, வந்துவிட்டாயே, அது போதும் என்றார். தாமதமாகிவிட்டதே என்று யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், திட்டுக்குப் பயந்து இன்னும் தள்ளிப் போடாதீர்கள். இன்றைக்குப் போங்கள்.

சிரம்பான் அக்கா:

இந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இரண்டு பிள்ளைக்கும் தனியாரில் போனேன். ஒவ்வொரு தடவையும் அதே டாக்டர். அரை நாள் பெஞ்சில் உட்காரத் தேவையில்லை. செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனநிம்மதிக்கும் ஒரு விலை உண்டு இல்லையா?

ஓய்வு பெற்ற தாதி:

தனியாரில் போவது தப்பே இல்லை மா. இரண்டிலும் போகலாம். ஆனால் தனியாரில் பார்த்தாலும் அரசாங்கப் புத்தகத்தையும் திறந்து வையுங்கள். நடுராத்திரி இரத்தப் போக்கு என்று மருத்துவமனைக்கு ஓடினால், அந்தப் புத்தகம் ஒன்றுதான் உங்களுக்காகப் பேசும். பிரசவத்துக்குப் பிறகு முதல் பத்து நாளில் பல தடவை, அப்புறம் இருபதாம் நாளிலும் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது கிளினிக் டேசா மிஸிதான். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று முதலில் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் அவர்தான்.

குடிமக்களுக்கு அரசுக் கிளினிக்கில் கர்ப்பப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. மனைவி தமிழ்நாட்டிலிருந்து வந்தவராக இருந்தால் கட்டணம் வேறு; முதல் நாளே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். அதை மருத்துவமனையில் பில் வரும்போது தெரிந்துகொள்வது மிகவும் கஷ்டம்.

ரொம்பின் அத்தை:

எல்லாரும் மாமியாரைக் குறை சொல்வது போல ஆகிவிடக் கூடாது என்று எழுதுகிறேன். எனக்கும் ஒன்று கலைந்திருக்கிறது. அப்போது வருவோர் போவோர் எல்லாம் "எந்தப் பாரத்தைத் தூக்கினே, என்னத்தைத் தின்னே" என்று கேட்டார்கள். அதை மறுபடி ஒருத்தி அனுபவிக்கக் கூடாது என்றுதான் நாங்கள் மூன்று மாதம் வாயைக் கட்டச் சொல்கிறோம். அதில் கண்ணேறு பாதி, மனுஷ நாக்கு பாதி.

ஆரம்பத்தில் கலைவதில் பெரும்பாலானவை கரு சரியாக உருவாகாததால் கலைபவை, தாய் செய்த எதனாலும் இல்லை என்று என் மகள் பிரசவத்தின்போது ஒரு டாக்டர் சொன்னார். இருபத்தெட்டு வருடம் கழித்து அதைக் கேட்டேன். என் மருமகள் முறை வந்தபோது நானே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன்.

அதனால் மருமகளே, மாமியாருக்குத் தெரியாமல் போகாதே. "அத்தே, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டுப் பார்.

மூன்று பிள்ளைத் தாய்:

அத்தை, இதைப் படித்து அழுதுவிட்டேன்.

தோட்டக் கிளைச் செயலாளர்:

பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். தோட்டத்தில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்த உடனே மருந்து தெளிக்கும் வேலையிலிருந்து மாற்றம் கேளுங்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1-லிருந்து தடை. அதற்காக மற்ற களைக்கொல்லிகள் எல்லாம் பரவாயில்லை என்று ஆகாது. பெரட்டில் நாலு பேர் முன்னால் கங்காணியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், மிஸியிடம் ஒரு கடிதம் கேளுங்கள். இதற்கும் சீக்கிரம் புக்கு திறந்திருக்க வேண்டும்.

பிரசவ விடுப்பு 2023 ஜனவரி 1-லிருந்து 98 நாள். முன்பு 60. சம்பளத்தோடு கிடைக்க, பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும், கடைசி நான்கு மாதத்தில் எப்போதாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். காண்ட்ராக்டர் கையில் வேலை செய்கிறவர்கள் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஓராண்டு வேலை செய்த, கல்யாணமான ஆண்களுக்கும் 7 நாள் உண்டு. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பே முதலாளியிடம் தெரிவித்துவிடுவது நல்லது. புது மருமகள், இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

கோயிலில் மட்டும் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் இருக்கும் தம்பதிகள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை பிறக்கும் முன் பதிவு இலாகாவுக்குப் போய்விடுங்கள். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஏறாமல், அந்தப் பிள்ளைகள் ஐசி எடுக்கும் வயதில் அலைவதை நான் நேரில் பார்க்கிறேன்.

புது மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இது முதல் பிரசவம், அதனால் அம்மா வீட்டில்தான் என்று இரண்டு பக்கமும் பேசி வைத்திருக்கிறார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் கிள்ளானுக்குப் போய்விடுவேன். அப்படியென்றால் அங்கேயே பதிந்துவிடலாமா?

ஓய்வு பெற்ற தாதி:

வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறாயோ அங்கே பதிந்துகொள். முதலில் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, 28 வாரத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, கடைசி மாதம் வாரா வாரம் என்று வரச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் கிள்ளானுக்கு ஓட முடியாது.

முதல் நாளே "பிரசவம் கிள்ளானில்" என்று மிஸியிடம் சொல்லி எழுத வை. நீ போகும்போது புத்தகம் உன்னோடு வரும். போன முதல் வாரமே அம்மா வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் அதைக் காட்டு. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். வளைகாப்பு முடிந்து போய், வலி வரும்வரை எங்கேயும் காட்டாமல் இருந்துவிடுகிறார்கள். அழுத்தம் ஏறுவது அந்தக் கடைசி மாதங்களில்தான். பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதும் எந்த முகவரியில் இருக்கப் போகிறாய் என்று சரியாகச் சொல். ஐசியில் இருக்கும் முகவரிக்கு மிஸி போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிய கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

புத்தகத்தில் நிறம் ஒட்டுவார்கள். வெள்ளை என்றால் மிஸியே பார்ப்பார். பச்சை என்றால் கிளினிக் டாக்டரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் 48 மணி நேரத்துக்குள் நிபுணர். சிவப்பு என்றால் அந்த நிமிடமே மருத்துவமனை. பகாவ் பக்கம் நிபுணரிடம் என்றால் கோலப்பிலா அல்லது சிரம்பான். வீட்டில் எல்லாரும் இந்த நிறங்களைத் தெரிந்து வைத்திருக்கட்டும்.

இதற்கு மட்டும் நாளுக்காகக் காத்திருக்காதே: இரத்தப் போக்கு, ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி, மயக்கம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. இரத்தப் போக்கு என்றால் மலாயில் "துருன் டாரா" என்று சொன்னால் போதும், உடனே புரிந்துகொள்வார்கள்.

புது மருமகள் (பதினோரு நாள் கழித்து):

போய் வந்துவிட்டேன். ஒன்பதாவது வாரத்தில் புக்கு திறந்தாயிற்று.

அத்தை சொன்ன மாதிரியே மாமியாரைக் கூப்பிட்டேன். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் பசியாறிக்கொண்டிருந்தபோது சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். கிளினிக்கில் எங்கள் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்ததும், "எனக்குச் சர்க்கரை மருந்து எடுக்க அவ துணைக்கு வந்திருக்கா" என்று மாமியாரே சொல்லிவிட்டார். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்தது தாய் சேய் பிரிவுக்கு முன்னால்.

உள்ளே மிஸி குடும்பத்தில் யாருக்காவது நோய் உண்டா, கர்ப்பம் கலைந்திருக்கிறதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கு எதுவும் கலைந்ததில்லை என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார், தனக்கு நடந்ததை மலாயில் சொல்லத் தொடங்கிவிட்டார். எந்த மாதம், எந்த வருடம், அப்போது எந்த டிவிஷனில் வேலை, எல்லாம். என் புத்தகத்தில் எழுத வேண்டிய விஷயம் இல்லை அது. மிஸி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

அழுத்தம் 108/70. ஹீமோகுளோபின் 10.4, அதனால் பச்சை ஒட்டியிருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக்கும் கொடுத்தார்கள். தேநீரோடு விழுங்கக் கூடாதாம். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இனிப்புத் தண்ணீர்ச் சோதனை வருகிற புதன்கிழமை. இரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில்தான் எனக்கு வாந்தி அதிகம். குடித்ததும் எடுத்துவிட்டால் என்ன செய்வது?

மூன்று பிள்ளைத் தாய்:

மெதுவாகக் குடி, சில நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். குடித்த பிறகு நடமாடாமல் உட்கார்ந்திரு. எனக்கு அது உதவியது.

ஓய்வு பெற்ற தாதி:

வாந்தி எடுத்தால் மறைக்காமல் சொல்லிவிடு மகளே. அன்றைய சோதனை செல்லாது, வேறு நாள் கொடுப்பார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் இருந்துவிட்டால் கணக்கு தப்பாக வரும். மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரோடு எடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

புது மருமகள்:

சரி தாதியம்மா. புதன் காலை ஏழரைக்குக் கிளம்புகிறோம். கணவருக்கு அன்றைக்கு இரவு ஷிப்டு, அதனால் அவரே காடியில் கொண்டுபோய் விடுகிறார். சோதனை முடிந்த கையோடு எனக்குக் கொடுப்பதற்கு மாமியார் பிளாஸ்கில் கஞ்சி எடுத்து வருகிறாராம்.